ஓம் விதியிலிருந்து வாட் அலகு வரை: மின்தடை, மின்திறன் கணக்கீட்டின் வரலாறு (1800–1889)

முன்னுரை

230 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கும் இஸ்திரிப் பெட்டி 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறது என்று கொள்வோம். பத்தாம் வகுப்பு மாணவர் அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்து 46 ஓம் தடை என்பார். இரண்டையும் பெருக்கி 1,150 வாட் திறன் என்பார். இந்த எளிய கணக்கு இன்றைய வடிவத்தை அடைய ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஏன் ஆயின என்பதே இக்கட்டுரையின் வினா. சீரான மின்மூலம், நம்பத்தக்க அளவி, பொதுவான அலகு ஆகிய மூன்றும் ஒவ்வொன்றாகக் கைகூடிய பின்னரே இக்கணக்கு இயன்றது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

அளவியைத் தேடி

1800இல் இத்தாலியர் வோல்டா தம் மின்கல அடுக்கை அறிவித்தார். தொடர்ந்து பாயும் மின்னோட்டம் முதன்முறையாகக் கிடைத்தது. ஆனால் அதன் அளவை அறியக் கருவி இல்லை. அதற்கு முன்பே இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ், பல பொருள்களின் வழியே தம் உடலில் மின்னதிர்ச்சியை ஏற்று, அதன் வலிமையை ஒப்பிட்டுத் தடையை மதிப்பிட்டிருந்தார். அந்தக் குறிப்புகளை அவர் வெளியிடவில்லை. 1879இல் மேக்ஸ்வெல் பதிப்பித்த பிறகே அவை உலகுக்குத் தெரிந்தன.

1820இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டார். அந்த ஆண்டே ஷ்வைகர் கம்பியைப் பல சுற்றுகளாகச் சுற்றி ஊசியின் விலக்கத்தைப் பெருக்கினார். அளவி பிறந்தது. நிலையான மூலம் இன்னும் வாய்க்கவில்லை.

ஓமின் சோதனைகள்

எர்லாங்கனில் பூட்டுத் தொழிலாளியின் மகனாக 1789இல் பிறந்த கியோர்க் சைமன் ஓம், கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். 1825இல் வோல்டா வகைக் கலத்தைக் கொண்டு அவர் செய்த சோதனைகள் பிழையான மடக்கைச் சமன்பாட்டில் முடிந்தன. சுற்றை மூடியதும் ஓட்டம் எழும்பி, பின் தளர்ந்துகொண்டே போனது. கலத்தின் அந்தத் தள்ளாட்டம் அளவுகளைக் குலைத்தது.

திருப்பம் ஓர் இதழாசிரியரின் யோசனையால் வந்தது. சீபெக் 1821இல் கண்டறிந்த வெப்ப மின்விளைவைப் பயன்படுத்துமாறு பொக்கெண்டோர்ஃப் ஓமுக்கு எடுத்துரைத்தார். 1826இல் ஓம் தாமிரமும் பிஸ்மத்தும் இணைந்த வெப்ப மின்னிரட்டையை அமைத்தார். ஒரு சந்தி கொதிநீரில், மற்றொன்று பனிக்கட்டியில். வெப்பநிலை வேறுபாடு மாறாததால் மின்னியக்கு விசையும் மாறவில்லை. ஒரே தடிமனும் வெவ்வேறு நீளமும் கொண்ட எட்டுத் தாமிரக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்தார். உலோக நாடாவில் தொங்கிய காந்த ஊசி விலகும்போது, நாடாவை முறுக்கி அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். அந்த முறுக்கின் அளவே ஓட்டத்தின் அளவு.

முடிவு இவ்வாறு அமைந்தது: ஓட்டம் = அ ÷ (ஆ + நீ). இதில் 'நீ' கம்பியின் நீளம். 'அ' மூலத்தின் விசை. 'ஆ' சுற்றின் மற்றப் பகுதிகளின் தடை. வெப்பநிலை வேறுபாட்டை மாற்றியபோது 'அ' மட்டுமே மாறியது. வோல்ட், ஆம்பியர், ஓம் என்ற அலகுகள் எவையும் இல்லாத காலத்தில், கம்பியின் நீளத்தையும் முறுக்குக் கோணத்தையும் கொண்டே அவர் விதியைக் கண்டார் என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. 1827இல் பெர்லினில் அவரது நூல் வெளிவந்தது. ஜெர்மானிய அறிஞர் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் அளித்துச் சிறப்பித்தது.

வெப்பத்திலிருந்து திறனுக்கு

அந்த 1841ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் ஜூலின் கட்டுரை வெளிவந்தது. சால்ஃபோர்டில் பீர் ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த அவர், கம்பிச் சுருளை நீரில் அமிழ்த்தி, மின்னோட்டத்தால் நீரின் வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார். குறிப்பிட்ட நேரத்தில் பிறக்கும் வெப்பம், ஓட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் பெருக்கிய மதிப்புக்கு நேர்விகிதத்தில் இருந்தது. ரஷ்யாவில் லென்ஸ் தனியே இதே முடிவை எட்டினார்.

ஜூலின் விதியில் ஓமின் விதியைப் பொருத்தினால், திறன் என்பது அழுத்தம் பெருக்கல் ஓட்டம் என்றாகிறது. நம் இஸ்திரிப் பெட்டியில் 5 × 5 × 46 என்றாலும் 230 × 5 என்றாலும் விடை 1,150 வாட்தான். உயர் அழுத்தத்தில் மின்சாரத்தைக் கடத்துவதற்கும் இதுவே அடிப்படை. அதே திறனைப் பத்து மடங்கு அழுத்தத்தில் அனுப்பினால் ஓட்டம் பத்தில் ஒரு பங்காகும். கம்பியில் வெப்பமாகும் இழப்பு நூற்றில் ஒரு பங்காகும்.

அலகுகள் ஒன்றுபடுதல்

ஆய்வாளர்கள் தத்தம் கம்பித் துண்டையே தடையின் அளவுகோலாகக் கொண்டிருந்த நிலையைத் தந்தித் தொழில் மாற்றியது. கடலடிக் கம்பிவடத்தில் பழுது எங்கே என்று அறிய, கரையிலிருந்தே தடையை அளக்க வேண்டியிருந்தது. 1860இல் வெர்னர் சீமென்ஸ் ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் கொண்ட பாதரசத் தம்பத்தை அலகாக முன்மொழிந்தார். 1861இல் வில்லியம் தாம்சனின் முயற்சியால் பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் மின்தடை அலகுக் குழுவை அமைத்தது. 1881இல் பாரிஸ் பன்னாட்டு மின்னியல் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றை ஏற்றது. வெர்னரின் தம்பி வில்லியம் சீமென்ஸ் 1882இல் முன்மொழிந்த வாட், 1889 பாரிஸ் மாநாட்டில் ஏற்கப்பட்டது.

முடிவுரை

அளக்கும்போது வெப்பநிலையைக் கவனிப்பதன் அருமையை இழை விளக்கு இன்றும் உணர்த்தும். 230 வோல்ட், 60 வாட் விளக்கு எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 882 ஓம். அணைந்து குளிர்ந்த பின் மல்ட்டிமீட்டரில் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. வகுத்தலில் பிழையில்லை, அளந்த நிலை வேறு. ஆகவே சூத்திரத்தைக் கற்பிக்கும் முன், மாணவர் கையில் கம்பியையும் அளவியையும் தந்து, அழுத்தத்தையும் ஓட்டத்தையும் தாமே அட்டவணையிடச் செய்ய வேண்டும். விதி பிறந்த வழியும் அதுவே.