பதிவேட்டில் ஒரு கட்டம்

லெபனானில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குடிமைப் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. பெயர், பிறந்த நாள், திருமணம், இறப்பு என்று எழுதிக்கொண்டே வருகிற அந்தப் பக்கத்தில் மதப்பிரிவுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. மாரோனைட், சன்னி, ஷியா, துரூஸ், கிரேக்க ஆர்த்தடாக்ஸ் என்று அரசு ஏற்றுக்கொண்ட 18 பிரிவுகளில் ஒன்று அதில் இருக்கும். பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் அவள் பெயர் அப்பா வீட்டுப் பக்கத்திலிருந்து கணவன் வீட்டுப் பக்கத்துக்குப் போய்விடும். பெய்ரூட்டிலேயே பிறந்து வளர்ந்தவரானாலும், அவருடைய பக்கம் தாத்தாவின் மலைக்கிராமத்தில் இருந்தால் ஓட்டுப்போட அங்கேதான் போக வேண்டும். அந்த நாட்டின் அரசியல் இந்தக் கட்டத்துக்குள்தான் குடியிருக்கிறது.

இதன் பூர்வீகம் உதுமானியர் காலம். 1860இல் மாரோனைட் கிறிஸ்தவர்களும் துரூஸ்களும் லெபனான் மலையில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். ஐரோப்பிய வல்லரசுகள் தலையிட்டன. அதற்குப் பிறகு அமைந்த 12 பேர் நிர்வாகக் குழுவில் 1864 ஏற்பாட்டின்படி மாரோனைட்டுக்கு 4, துரூஸுக்கு 3, கிரேக்க ஆர்த்தடாக்ஸுக்கு 2, மற்ற மூன்று பிரிவுகளுக்குத் தலா ஒன்று என்று இடங்கள் பிரிந்தன. பந்தியில் இலை எண்ணிப் போட்ட மாதிரி.

1920இல் பிரெஞ்சுக்காரர்கள் மலையோடு கடற்கரை நகரங்களையும் பெக்கா சமவெளியையும் சேர்த்துப் பெரிய லெபனானை உருவாக்கினார்கள். 1926இல் வந்த அரசியல் சட்டம், மதவாரியாகப் பதவி பிரிப்பது தற்காலிகம் என்று 95ஆம் பிரிவில் சொன்னது. 1932இல் தலை எண்ணினார்கள். எண்ணியவர்களின் கை சுத்தம் என்று சொல்ல முடியாது. கடல்கடந்து அமெரிக்கக் கண்டங்களில் குடியேறிவிட்டவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களே அதிகம். கிறிஸ்தவர்கள் பாதிக்குச் சற்றே மேல் என்று முடிவு வந்தது. இன்றைய பதிவேட்டுக்கு அடிப்படை அந்தக் கணக்குதான்.

1943இல் சுதந்திரம் வந்தபோது மாரோனைட் தலைவர் பிஷாரா அல் கூரியும் சன்னித் தலைவர் ரியாத் அல் சுல்ஹும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அது எழுத்தில் இல்லை, வாய்ச்சொல்தான். ஜனாதிபதி மாரோனைட், பிரதமர் சன்னி என்று ஆனது. சபாநாயகர் பதவி ஷியாவுக்கு என்பதும் வழக்கமாக நிலைத்தது. நாடாளுமன்றத்தில் கிறிஸ்தவர் ஆறுக்கு முஸ்லிம் ஐந்து. 1932க்குப் பிறகு அங்கே அதிகாரபூர்வ மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. எண்ணினால் பங்கு மாறும், பங்கு மாறினால் சண்டை வரும், ஆகவே எண்ணுவதில்லை. தொண்ணூறு ஆண்டு தாண்டிய கணக்கை வைத்துக்கொண்டு ஒரு நாடு நடப்பதை வேறெங்கும் பார்ப்பது அரிது.

பதிவேட்டிலிருந்த கட்டம் அடையாள அட்டையிலும் ஏறி மக்களின் சட்டைப்பைக்குள் போயிற்று. 1975 டிசம்பர் 6. தங்கள் ஆட்கள் நால்வர் கொல்லப்பட்டார்கள் என்று கிறிஸ்தவ ஃபலாஞ்சிஸ்ட் படையினர் பெய்ரூட் சாலைகளில் தடுப்பு போட்டார்கள். வண்டிகளை நிறுத்தி அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். மதம் முஸ்லிம் என்றிருந்தவர்களை இறக்கிக் கொன்றார்கள். எதிர்த்தரப்பும் பழிக்குப் பழி என்று அதையே செய்தது. அந்த நாளுக்குக் கறுப்புச் சனி என்று பெயர். 15 ஆண்டு உள்நாட்டுப் போரில் சுமார் ஒன்றரை லட்சம் பேர் இறந்தார்கள்.

1989இல் சவூதி அரேபியாவின் தாயிஃப் நகரில் ஒப்பந்தம் எழுதினார்கள். பங்கு சரிபாதி ஆயிற்று. இன்று 128 இடங்களில் 64 அங்கே, 64 இங்கே. அடையாள அட்டையில் மதம் குறிப்பதை ஒழிக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். ஒழிந்தது. ஆனால் பதிவேட்டுக் கட்டத்தையும், வாக்காளர் பட்டியலில் அதன் நகலையும் யாரும் தொடவில்லை. மத அரசியலை ஒழிக்க வழி காணும் தேசியக் குழு அமைக்க வேண்டும் என்று திருத்தப்பட்ட 95ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் குழு அமையவே இல்லை.

கல்யாணம், மணமுறிவு, வாரிசுரிமை எல்லாம் அவரவர் மத நீதிமன்றத்தில்தான். அதனால் கட்டத்தில் இருப்பதை மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. மகள்கள் மட்டுமே உள்ள சன்னித் தந்தைகள் ஷியாவாகிவிடுவார்கள். ஷியா சட்டத்தில் மகள்களே முழுச் சொத்தையும் பெறலாம். இது பக்தியால் வந்த மாற்றம் என்று யாரும் நினைப்பதில்லை. கலப்பு மணம் செய்கிறவர்கள் சைப்ரஸுக்கு விமானம் ஏறுகிறார்கள். அங்கே நடந்த பதிவுத் திருமணத்தை லெபனான் ஏற்கும், உள்ளூரில் நடத்த மட்டும் விடாது. 1998இல் ஜனாதிபதி ஹராவி கொண்டுவந்த குடிமைத் திருமண மசோதாவை அமைச்சரவை ஏற்றது. பிரதமர் ஹரீரி கையெழுத்திடவில்லை. அதோடு சரி.

2009இல் உள்துறை அமைச்சர் சியாத் பாரூத் ஒரு சுற்றறிக்கை விட்டார். விரும்புகிறவர் தன் மதத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம், அந்த இடத்தில் ஒரு சாய்கோடு இருக்கும். ஒரு ஜோடி அந்தச் சாய்கோட்டையே சாட்சியாக்கினார்கள். எந்தப் பிரிவையும் சேராதவர்களுக்குக் குடிமைச் சட்டமே பொருந்தும் என்று, 1936ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் கால ஆணையைக் காட்டி உள்நாட்டிலேயே திருமணம் செய்துகொண்டார்கள். 2013இல் அது பதிவானது. அடுத்து வந்த உள்துறை அமைச்சர் அந்த வாசலைச் சாத்தினார்.

இங்கேதான் சிக்கல் பிடிபடுகிறது. கட்டத்தைக் காலியாக்குவது எளிது. காலியானவர் நிற்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியிலும் இடங்கள் பிரிவுவாரியாகத்தான் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சாய்கோட்டுக்கு ஒதுக்கீடு கிடையாது. எனவே அழிப்பதைவிடக் கட்டுவதுதான் முதல் வேலை என்பேன்: எல்லோருக்கும் பொதுவான ஒரு குடிமைத் தனிநபர் சட்டம், வேண்டுகிறவர் எடுத்துக்கொள்ளும்படியாக.

ஆனால் கட்சிகள் இதை வைத்து நன்றாக ஆடுகின்றன. அரசியலில் மதப் பங்கீட்டை ஒழிப்போம் என்று ஷியாத் தலைவர்கள் சொன்னால், எண்ணிக்கையில் அமுங்கிப்போவோம் என்று கிறிஸ்தவக் கட்சிகள் பயந்து, அப்படியானால் திருமணம்வரை முழு மதச்சார்பின்மை கொண்டுவாருங்கள் என்கின்றன. முஸ்லிம் மதத்தலைவர்கள் அதற்கு ஒப்பமாட்டார்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும். கிறிஸ்தவர்களின் அந்தப் பயம் பொய்யல்ல. அதற்கு மருந்தையும் தாயிஃபிலேயே எழுதியிருக்கிறார்கள். மக்களவை மதம் பாராமல், பிரிவுகளின் கவலையைப் பார்க்கத் தனியாக ஒரு செனட். அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு அது. காகிதத்தில் இருக்கிறது.

இந்தப் பங்குக் கணக்கு அரசு வேலையிலும் புகுந்தது. காட்டுக் காவலர் தேர்வில் வென்றவர்கள், கிறிஸ்தவர் எண்ணிக்கை சரிசமமாக இல்லை என்பதால் வேலையில் சேர முடியாமல் காத்திருந்தார்கள். 2019 அக்டோபரில் காடுகள் பற்றி எரிந்தன. சில நாளில் வாட்ஸ்அப் அழைப்புக்கு வரி என்ற அறிவிப்பு வந்தது. லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்து, எல்லாரும் என்றால் எல்லாரும்தான் என்று தங்கள் பிரிவுத் தலைவரையும் சேர்த்தே வெளியேறச் சொன்னார்கள். 2022 மே தேர்தலில் அந்தக் கூட்டத்தின் சார்பில் 13 புதுமுகங்கள் நாடாளுமன்றம் போனார்கள். மாரோனைட் இடம், துரூஸ் இடம், சன்னி இடம் என்று பெயரிட்ட இருக்கைகளில்தான் அவர்களும் உட்கார வேண்டியிருந்தது.