வீட்டு மரமேடை

வீட்டு மரமேடை என்பது, வீடொன்றின் வெளிச்சுவரை அடுத்து, நிலமட்டத்துக்கு மேலே தூண்கள்மீது கட்டப்படும் கூரையற்ற மரத்தளம் ஆகும். ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் தனி வீடுகளின் பின்புறத்தில் இது பெருமளவில் காணப்படுகிறது. அந்நாடுகளில் வாழும் தமிழர் இதனை டெக் என்றே அழைப்பர். உணவு உண்ணுதல், விருந்தினரை உபசரித்தல், இளைப்பாறுதல் முதலிய தேவைகளுக்கு இது பயன்படுகிறது.

தோற்றத்தில் எளிமையானதாக இருப்பினும், மரமேடை ஒரே நேரத்தில் பலரைத் தாங்கவேண்டிய கட்டமைப்பு ஆகும். மழை, வெயில், பனி ஆகியவற்றுக்கு ஆண்டு முழுவதும் உட்படுவதால், வீட்டின் பிற பகுதிகளிலும் விரைவாக இது பழுதடைகிறது. இதனால் இதன் கட்டுமானமும் பராமரிப்பும் கட்டிட விதித்தொகுப்புகளில் தனியாகக் கவனிக்கப்படுகின்றன.

பிற அமைப்புகளுடன் வேறுபாடு

திண்ணை நிலத்தின்மீது திண்மையாக எழுப்பப்படுவது. அதன் சுமை நேரடியாக நிலத்துக்குச் செல்கிறது. மேல்மாடம் பொதுவாகத் தூண்கள் இன்றிக் கட்டிடத்தில் இருந்து வெளியே நீண்டிருப்பது. மரமேடை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இதன் ஒரு பக்கம் வீட்டுச் சுவராலும், மறுபக்கம் தூண்களாலும் தாங்கப்படுகிறது. நான்கு பக்கமும் தூண்களிலேயே நின்று, வீட்டுடன் பிணைக்கப்படாத மேடைகளும் உண்டு. இவை தனித்து நிற்கும் மேடைகள் எனப்படுகின்றன.

உறுப்புகள்

மரமேடையொன்றின் முதன்மையான உறுப்புகள் பின்வருமாறு:

அடிமானம்: தூணின் சுமையை நிலத்துக்குக் கடத்தும் காங்கிறீட்டுப் பகுதி.
தூண்: அடிமானத்தின்மீது நிற்கும் செங்குத்தான மரம்.
உத்தரம்: தூண்களின் மேல் கிடையாக அமையும் பெரிய மரம்.
சுவர்ப்பலகை: வீட்டின் சட்டகத்துடன் பிணைக்கப்படும் கிடையான தடித்த பலகை.
தளச்சட்டங்கள்: சுவர்ப்பலகையில் இருந்து உத்தரம் வரை சீரான இடைவெளியில் அமையும் மரச்சட்டங்கள்.
தளப்பலகைகள்: சட்டங்களின்மீது பதிக்கப்படும், மக்கள் நடமாடும் பலகைகள்.
காப்புக்கிராதி: விளிம்பில் இருந்து விழாமல் தடுக்கும் தடுப்பு.
படிக்கட்டு: மேடையையும் நிலத்தையும் இணைப்பது.

மேடையில் நிற்பவரின் எடை பலகை, சட்டம், உத்தரம், தூண், அடிமானம் என்ற வரிசையில் நிலத்தை அடைகிறது. சுவரை ஒட்டிய பாதிச் சுமை சுவர்ப்பலகை வழியாக வீட்டுக்குச் செல்கிறது. இவ்வரிசையில் உள்ள ஏதாவது ஓர் இணைப்பு வலுக்குறைந்து இருந்தாலும், பிற உறுப்புகளின் வலிமையால் பயனில்லை.

சுமைகள்

ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள், பன்னாட்டு விதித்தொகுப்பு மன்றத்தின் குடியிருப்பு விதித்தொகுப்பை, மாற்றங்களுடனோ மாற்றமின்றியோ, பின்பற்றுகின்றன. இதன் முதற்பதிப்பு 2000 ஆம் ஆண்டில் வெளியானது. இதன்படி, மேடைகள் சதுர அடிக்கு 40 பவுண்டு, அதாவது 1.92 கிலோபாசுக்கல், பயன்பாட்டுச் சுமையைத் தாங்கவேண்டும். இது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 195 கிலோகிராம் எடைக்குச் சமம். கட்டமைப்பின் தன்னெடைக்காகப் பொதுவாகச் சதுர அடிக்கு மேலும் 10 பவுண்டு சேர்க்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, சுவரோரமாக 4.8 மீட்டர் நீளமும் 3.6 மீட்டர் அகலமும் கொண்ட மேடையின் பரப்பளவு 17.28 சதுர மீட்டர். மொத்தச் சுமையைச் சதுர மீட்டருக்கு 2.4 கிலோநியூட்டன் எனக் கொண்டால், முழு மேடையின் சுமை ஏறத்தாழ 41.5 கிலோநியூட்டன் ஆகும். உத்தரம் வெளிவிளிம்பில் அமைந்திருப்பின், இதில் பாதி, அதாவது ஏறத்தாழ இரண்டு தொன் எடை, சுவர்ப்பலகையின் இணைப்புகளில் தங்கியிருக்கிறது.

வெந்நீர்த் தொட்டி போன்றவற்றுக்கு இவ்வளவு வலிமை போதாது. 4 சதுர மீட்டர் பரப்பில் அமையும் தொட்டியில் 1500 லீட்டர் நீர் இருப்பின், நீரின் எடை மட்டுமே சதுர மீட்டருக்கு 375 கிலோகிராம் ஆகும். இது வழமையான பயன்பாட்டுச் சுமையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. எனவே, இத்தகைய மேடைகள் தனியாக வடிவமைக்கப்பட வேண்டும்.

சுவர்ப்பலகையும் அதன் பிணைப்பும்

மேடைகள் சரிந்துவிழும் நிகழ்வுகளில், சுவர்ப்பலகை வீட்டில் இருந்து பிரிவது மிகப் பொதுவாகக் காணப்படும் காரணங்களுள் ஒன்றாகும். பழைய மேடைகள் பலவற்றில் இப்பலகை ஆணிகளால் மட்டும் அறையப்பட்டுள்ளது. ஆணி, தனக்குக் குறுக்காக வரும் விசையை ஓரளவு தாங்கும்; ஆனால், தன் நீளத்தின் திசையில் இழுக்கப்படும்போது எளிதில் கழன்றுவிடும். மக்கள் கூடிநின்று ஆடும்போதும், மேடை பக்கவாட்டில் அசையும்போதும் இத்தகைய இழுவிசை ஏற்படுகிறது. மரம் ஈரமாகி உலர்வதால் ஆணியின் பிடி ஆண்டுதோறும் தளர்வதும் உண்டு.

இதனால், ஆணிகளுக்குப் பதிலாக அரை அங்குல விட்டம் கொண்ட போல்ட்டுகளோ, தடித்த மரத் திருகாணிகளோ, இதற்கெனச் சோதித்து ஏற்கப்பட்ட கட்டமைப்புத் திருகாணிகளோ பயன்படுத்தப்பட வேண்டும். இவற்றின் இடைவெளி சட்டங்களின் நீளத்தைப் பொறுத்தது. சட்டங்கள் நீளமாக இருந்தால் இடைவெளி குறையவேண்டும். இவை வீட்டின் உள்ளே உள்ள திண்மையான விளிம்புச் சட்டத்தில் பதியவேண்டும். வெளிப்புற மேற்பூச்சிலோ, அழகுக்காக அடுக்கப்பட்ட செங்கல் முகப்பிலோ சுவர்ப்பலகையைத் தாங்கவைப்பது தவறு. இத்தகைய வீடுகளுக்குத் தனித்து நிற்கும் மேடையே பாதுகாப்பானது.

சுவர்ப்பலகைக்கும் சுவருக்கும் இடையே நீர் தேங்கினால், வீட்டின் விளிம்புச் சட்டமே உட்புறமாக உளுத்துவிடும். இதைத் தடுக்க, பலகையின் மேல் நீர்த்தடுப்புத் தகடு பொருத்தப்படுகிறது. செப்புச் சேர்மங்களால் பதனிட்ட மரத்தைத் தொடும் இடங்களில் அலுமினியத் தகட்டைப் பயன்படுத்தக்கூடாது. அது விரைவில் அரிக்கப்பட்டுவிடும்.

அடிமானமும் தூண்களும்

குளிர் நாடுகளில் நிலத்தில் உள்ள நீர் உறைந்து விரிவடையும்போது அடிமானத்தை மேலே தள்ளுகிறது. எனவே, வீட்டுடன் இணைந்த மேடையின் அடிமானம், அப்பகுதியில் நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே அமையவேண்டும். தொராண்டோவில் இது பொதுவாக 1.2 மீட்டர் ஆகும். குழி தோண்டுமுன், நிலத்தடி வளிக்குழாய்களும் மின்வடங்களும் செல்லும் இடங்களைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் இதற்காக 811 என்னும் தொலைபேசி எண் உள்ளது.

தூணின் அடியை மண்ணில் புதைப்பதைவிட, காங்கிறீட்டுக்குச் சற்று மேலே உலோகத் தாங்கியில் பொருத்துவது மரத்தை உலர்வாக வைத்திருக்க உதவும். அமெரிக்க மர மன்றத்தின் மேடைக் கட்டுமான வழிகாட்டி, பெயரளவில் 6 × 6 அங்குலத் தூண்களைக் குறிப்பிடுகிறது. உத்தரம் தூணின் தலையில் முழுமையாக அமரவேண்டும். தூணின் பக்கத்தில் உத்தரத்தை வைத்துப் போல்ட்டுகளால் மட்டும் தொங்கவிடுவது ஏற்றதல்ல. அவ்வாறு செய்தால் முழுச்சுமையும் சில போல்ட்டுகளில் தங்கிவிடுகிறது.

தளச்சட்டங்கள் சுவர்ப்பலகையைச் சந்திக்கும் இடங்களில் உலோகத் தொங்கு தாங்கிகள் பயன்படுகின்றன. தாங்கியில் உள்ள துளைகள், உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவு ஆணிகளாலேயே நிரப்பப்பட வேண்டும். உத்தரத்துக்கு வெளியே சட்டங்கள் நீளும் அளவு, பொதுவாக, அச்சட்டத்தின் தாங்கிடைத் தூரத்தின் நாலில் ஒரு பங்கை மீறக்கூடாது.

காப்புக்கிராதியும் படிக்கட்டும்

அமெரிக்கக் குடியிருப்பு விதித்தொகுப்பின்படி, நிலமட்டத்தில் இருந்து 30 அங்குலத்துக்கு (762 மில்லிமீட்டர்) மேல் உயர்ந்த மேடைகளுக்குக் காப்புக்கிராதி கட்டாயமானது. அதன் உயரம் குறைந்தது 36 அங்குலம் (914 மில்லிமீட்டர்) இருக்கவேண்டும். கனடாவின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, 600 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்குக் கிராதியை வேண்டுகிறது. தனி வீடுகளில், மேடையின் உயரம் 1.8 மீட்டர் வரை எனில் 900 மில்லிமீட்டர் உயரக் கிராதி போதுமானது. அதற்கு மேல் எனில் 1070 மில்லிமீட்டர் தேவை.

கிராதிக் கம்பிகளின் இடைவெளி, 4 அங்குல விட்டம் கொண்ட கோளம் நுழைய முடியாதவாறு அமையவேண்டும். சிறு குழந்தையின் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்வதைத் தவிர்ப்பதே இதன் நோக்கம். கிராதியின் மேற்பகுதி, எந்தத் திசையிலும் 200 பவுண்டு (890 நியூட்டன்) விசையைத் தாங்கவேண்டும். கிராதித் தூணின் உச்சியில் தள்ளும்போது அதன் அடியில் நெம்புவிசை பன்மடங்காகிறது. ஆகையால், அதனை விளிம்புப் பலகையில் ஆணியால் அறைவது போதாது. போல்ட்டுகளாலும் உலோகப் பிணைப்புகளாலும் தளச்சட்டங்களுடன் இணைக்கவேண்டும்.

படியொன்றின் உயரம் 7¾ அங்குலத்தை மீறாமலும், மிதிப்பகுதியின் ஆழம் 10 அங்குலத்துக்குக் குறையாமலும் இருக்கவேண்டும். படிகளின் உயரங்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டால், ஏறுவோரும் இறங்குவோரும் இடறி விழக்கூடும்.

மரமும் பதனிடலும்

சிவப்பு செடார், ரெட்வுட் ஆகியவற்றின் வைரப்பகுதி இயல்பாகவே உளுத்துப்போவதை எதிர்க்கவல்லது. எனினும், சட்டகத்துக்குப் பெரும்பாலும் அழுத்தமுறையில் பதனிட்ட பைன் போன்ற மரங்களே பயன்படுகின்றன. மரத்தூளும் நெகிழியும் கலந்து செய்யப்படும் கூட்டுப்பலகைகள் தளத்துக்குப் பரவலாகப் பயன்பட்டு வருகின்றன. ஆயினும், அவற்றுக்குக் கீழே உள்ள சட்டகம் பொதுவாக மரத்தாலேயே ஆனது. பலகை புதிதாகத் தோன்றுவதால் சட்டகமும் நன்றாக இருக்கிறது எனக் கொள்ளமுடியாது.

நீண்ட காலம் பயன்பட்ட பதனிடு பொருள், குரோமியம், செப்பு, ஆர்செனிக் ஆகியவற்றின் சேர்மக் கலவை ஆகும். இதனை 1933 ஆம் ஆண்டில் உருவாக்கியவர், தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய இந்திய அறிவியலாளர் சோந்தி காமேசன் ஆவார். ஆர்செனிக் நச்சுத்தன்மை கொண்டது என்பதால், ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான மரத்தில் இக்கலவையைச் சேர்ப்பதை உற்பத்தியாளர்கள் 2003 டிசம்பர் 31 உடன் தாமாகவே நிறுத்திக்கொண்டனர்.

இதற்குப் பதிலாக வந்த பதனிடு பொருட்களில் செப்பின் அளவு கூடுதலாக இருந்தது. அவை எஃகு ஆணிகளையும் தாங்கிகளையும் விரைவாக அரித்தன. எனவே, உருகிய துத்தநாகத்தில் தோய்த்த அல்லது துருவேறா எஃகாலான இணைப்பிகளே பரிந்துரைக்கப்படுகின்றன. ஒரே இணைப்பில் இவ்விரு வகைகளையும் கலக்கக்கூடாது.

குறிப்பிடத்தக்க விபத்துகள்

2003 சூன் 29 அன்று, சிக்காகோவின் லிங்கன் பார்க் பகுதியில், அடுக்குமாடிக் கட்டிடமொன்றின் பின்புற மரத்தாழ்வாரம் விருந்தொன்றின்போது சரிந்தது. மூன்றாம் தளத்தின் தாழ்வாரம் கீழ்த்தளங்களின்மீது விழுந்ததில் 13 பேர் உயிரிழந்தனர். 50 பேருக்கு மேல் காயமடைந்தனர்.

2015 சூன் 16 அன்று, கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் மேல்மாடமொன்று முறிந்து ஆறு பேர் உயிரிழந்தனர். ஏழு பேர் காயமடைந்தனர். இறந்தவர்களுள் ஐவர் அயர்லாந்து மாணவர்கள். கட்டிடம் பத்தாண்டு கூடப் பழையதல்ல. எனினும், உள்ளே சிக்கிய ஈரத்தால் தாங்கு சட்டங்கள் உளுத்திருந்தன. இதன் பின்னர், மரத்தால் தாங்கப்படும் உயர்ந்த வெளியமைப்புகளைக் காலமுறையில் ஆய்வு செய்யும் சட்டங்கள் அம்மாநிலத்தில் இயற்றப்பட்டன. 2018 ஆம் ஆண்டுச் சட்டம் வாடகை அடுக்குமாடிகளுக்கு ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், 2019 ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு உரிமைக் குடியிருப்புகளுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ஆய்வை வேண்டுகின்றன.

இவ்விரண்டும் தனி வீட்டு மேடைகள் அல்ல. ஆயினும், இணைப்பின் வலுக்குறைவு, மறைவான ஈரம் ஆகிய இடர்கள் வீட்டு மேடைக்கும் பொருந்துவன.

பராமரிப்பு

மரமேடையை ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுமையாகப் பார்வையிட வேண்டும். வட அமெரிக்க மேடை, கிராதிச் சங்கம் மே மாதத்தை மேடைப் பாதுகாப்பு மாதமாகக் கடைப்பிடிக்கிறது. பார்வையிடும்போது கவனிக்கவேண்டியவை:

சுவர்ப்பலகைக்கும் சுவருக்கும் இடையே புதிதாக இடைவெளி தோன்றியுள்ளதா?
இணைப்பிகளில் துரு, தளர்வு, காணாமற்போன ஆணிகள் உள்ளனவா?
தூணின் அடி, சட்ட முனைகள், படிக்கட்டின் அடி ஆகியன மென்மையாகியுள்ளனவா?
கிராதியைத் தள்ளும்போது அசைகிறதா?
பல பேர் நடக்கும்போது மேடை பக்கவாட்டில் ஆடுகிறதா?

உளுத்த மரத்தைக் கண்ணால் மட்டும் கண்டறிவது கடினம். திருப்புளியின் முனையால் மரத்தைக் குத்திப் பார்க்கலாம். முனை எளிதாக உட்சென்றாலோ, சிம்பு எழாமல் மரம் உதிர்ந்தாலோ, அப்பகுதி வலுவிழந்துள்ளது எனக் கொள்ளவேண்டும். மரத்தின் ஈரப்பதன் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்கும்வரை உளுக்கவைக்கும் பூஞ்சைகள் வளர்வதில்லை. எனவே, பலகை இடைவெளிகளில் தேங்கும் இலைகளையும் மண்ணையும் அகற்றி, காற்றோட்டம் தடைப்படாமல் வைத்திருப்பதே எளிய பாதுகாப்பாகும். காட்டுத்தீ அச்சமுள்ள இடங்களில், மேடையின் அடியில் விறகோ சருகோ சேரவிடாமல் இருப்பதும் இன்றியமையாதது.

மேற்பரப்பில் நீர்விலக்கிப் பூச்சைக் காலத்துக்குக் காலம் பூசுவது, வெடிப்புகளையும் புறஊதாக் கதிர்களால் ஏற்படும் நிறமாற்றத்தையும் குறைக்கும். ஆனால், இப்பூச்சு தளர்ந்த இணைப்பையோ உளுத்த சட்டத்தையோ சீர்செய்யாது. உயரழுத்த நீர்ப்பாய்ச்சலால் கழுவுவது மர இழைகளைச் சேதப்படுத்தக்கூடும். ஆர்செனிக் கலந்து பதனிட்ட பழைய மரத்தை இழைத்தலும் தேய்த்தலும் நச்சுத் தூசியை எழுப்பும். அதனை ஒருபோதும் எரிக்கக்கூடாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் கலந்திருக்கும். கழிக்கப்படும் இத்தகைய மரத்தை உள்ளூர் விதிகளின்படியே அகற்றவேண்டும்.

சுவர்ப்பலகை பிரிந்திருப்பதோ, உத்தரம் அல்லது தூண் உளுத்திருப்பதோ தெரியவந்தால், தகுதியுள்ள கட்டிடப் பொறியாளரோ ஆய்வாளரோ பார்வையிட்டுச் சீர்செய்யும்வரை மேடையையும் அதன் அடிப்பகுதியையும் பயன்படுத்தாமல் மூடிவைக்க வேண்டும்.