அட்டன் வழியும் ஆதிப் பயணிகளும்

அட்டன் ஸ்டேஷனில் பெரிய பையோடு இறங்குகிற வெள்ளைக்காரப் பயணியிடம் எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. சிவனொளிபாதமலைக்குத்தான். நோர்வூட், மஸ்கெலியா தாண்டி நல்லதண்ணியில் அறை எடுப்பார். நடுச்சாமம் கழிந்து இரண்டு மணிக்கு எழும்பி, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் ஏறத் தொடங்குவார். விடியும்போது 2,243 மீற்றர் உயரத்தில் நிற்பார். கிழக்கே சூரியன் கிளம்பும் அதே நேரத்தில், மேற்கே மூடுபனியின் மேல் மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக விழும். மதியச் சாப்பாட்டுக்குமுன் இறங்கிவிடலாம். இந்த ஓர் இரவுப் பயணம் தேயிலைத் தோட்டங்கள் வந்த பிறகு கிடைத்த வசதி. அதற்கு முன்னால் மலை ஏறியவர்கள் பட்ட பாடு வேறு.

மலையின் புகழ் மிகப் பழையது. இரத்தினத் தீவத்துச் சமந்தமலை உச்சியில் புத்தரின் அடியிணை இருப்பதாக மணிமேகலை சொல்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த சீனத் துறவி பாஹியானும் மலைமேல் உள்ள பாதச்சுவட்டைக் குறிப்பிடுகிறார். சைவர்களுக்கு அது சிவனின் பாதம். முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை. பதினாறாம் நூற்றாண்டில் சீதாவாக்கை இராஜசிங்கன் மலையைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்தான் என்றும், பதினெட்டாம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதைப் பௌத்த பிக்குகளிடம் திருப்பிக் கொடுத்தான் என்றும் சூளவம்சம் கூறும்.

வெளிநாட்டுப் பயணிகளில் இந்த மலையைப் பற்றி மனம்விட்டு எழுதியவர் மொரோக்கோ நாட்டு இபன் பதூதா. 1344இல் அவர் வந்த கப்பல் புத்தளத்துப் பக்கம் ஒதுங்கியது. அங்கே அவரை வரவேற்றவன் ஆரியச் சக்கரவர்த்தி, தமிழ் மன்னன். என்ன வேண்டும் என்று அரசன் கேட்க, ஆதமின் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றார் விருந்தாளி. பல்லக்கு வந்தது. துணைக்கு நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், அரசனின் ஆட்கள் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர்! ஒரு முஸ்லிம் யாத்திரிகரை இந்து யோகிகள் வழிகாட்டிக் கூட்டிப்போன இந்தக் காட்சிக்காகவே அவருடைய நூலைத் தேடிப் படிக்கலாம்.

அடிவாரத்திலிருந்து பாபா வழி, மாமா வழி என்று இரண்டு பாதைகள் இருந்தன என்கிறார். ஆதமின் பெயரால் அமைந்த பாபா வழி கடினமானது. ஏவாளின் பெயரால் அமைந்த மாமா வழி இலகுவானது. செங்குத்தான பாறையில் பிடித்து ஏறப் பத்துச் சங்கிலிகள் தொங்கின. பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அந்த இடத்தில் நின்று கீழே பார்ப்பவர் பயத்தில் இஸ்லாமிய விசுவாச மொழியான கலிமாவைச் சொல்வாராம். அட்டைகளையும் அவர் விடவில்லை. செடிகொடிகளிலிருந்து பாய்ந்து ஒட்டிக்கொள்ளும், எலுமிச்சம்பழச் சாறு பிழிந்தால் விழுந்துவிடும் என்று எழுதிவைத்தார். மழைக்காலத்தில் கொழுந்து பறிக்க மலை ஏறும் பெண்கள் இன்றும் காலில் உப்போ சவர்க்காரமோ பூசிக்கொண்டுதான் போகிறார்கள். ஏறக்குறைய எழுநூறு வருடமாக இந்தக் காட்டில் மாறாதவை அட்டைகள்தாம்.

1815இல் கண்டி இராச்சியம் வெள்ளைக்காரர் கைக்குப் போனது. அதன்பின் அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் ஏறத் தொடங்கினார்கள். ஜெர்மானிய உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1882 பெப்ரவரி 12ஆம் திகதி உச்சியில் நின்றார். டார்வினின் பிறந்தநாள் அது.

கண்டிப் பக்கத்தில் அம்பகமுவ வழியாகவும் ஒரு பழைய பாதை இருந்தது. யாத்திரிகர்களுக்கு உணவு கிடைக்க ஏற்பாடு செய்ததை முதலாம் விஜயபாகு அங்கே கல்வெட்டில் பொறித்திருக்கிறான். ஆனால் காடு காடாகவே கிடந்தது. அதைத் திறந்தது பக்தியல்ல, பயிர். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை பரவியது. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கக் கோச்சி தேவைப்பட்டது. நாவலப்பிட்டிக்கு 1874இல் வந்த தண்டவாளம் 1884இல் அட்டனைத் தொட்டது. கடல் கடந்து வந்த பயணி கொழும்பில் கோச்சி ஏறினால் மலையடிவாரத்துக்குக் கிட்ட வந்துவிடலாம் என்ற நிலை அன்றுதான் உண்டானது.

அந்தக் காட்டை வெட்டியவர்களும் ரோட்டுப் போட்டவர்களும் யார்? திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரத்துச் சீமைகளிலிருந்து மன்னார் வழியே நடந்து வந்தவர்கள். ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணியின் பின்னால் வந்து, வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள். மலைக்குப் போன அரசர்களின் பெயரும் பயணிகளின் பெயரும் புத்தகங்களில் இருக்கின்றன. பாதை திறந்தவர்களுக்கு ஒரு பெயர்ப்பலகைகூடக் கிடையாது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் நாடற்றவர்களாக்கியது. வெளிநாட்டான் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு ஏறிய மலையின் அடியிலேயே, எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லாமல் இவர்கள் கொழுந்து பறித்தார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்க 2003 வரை சட்டம் போடவேண்டியிருந்தது.

அட்டன் வழியில் இன்னொரு வரலாறு தண்ணீருக்குள் இருக்கிறது. 1969இல் மவுஸ்ஸாக்கலை அணை எழும்பியபோது பழைய மஸ்கெலியா டவுன் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் இறங்கினால் கோயில், விகாரை, பள்ளிவாசல் மூன்றின் எச்சங்களும் சேற்றிலிருந்து மேலே தெரியும். அந்த நாட்களில் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் பார்க்கப் போவார்கள்.

மலைக்குப் போவதிலும் தோட்டத்து மக்கள் யாருக்கும் பின்தங்கியவர்களல்ல. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை நீளும் சீசனில் தோட்டத்துக் குடும்பங்களும் சிங்கள யாத்திரிகர்களும் ஒரே படிக்கட்டில்தான் ஏறுகிறார்கள். உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது தடவை வந்தாரோ அத்தனை முறை அடிப்பது வழக்கம். முதன்முதலாக வந்த வெளிநாட்டுப் பயணி ஒரு தடவை அடித்துவிட்டு விலகி நிற்பார். வருடா வருடம் வருகிற பாட்டி அடித்து முடிக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டும். அவர் ஏறிவந்த பாதையின் கதையை நல்லதண்ணியில் யாரும் அவருக்குச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்; வழிகாட்டிப் புத்தகங்களில் இபன் பதூதாவுக்குப் பக்கத்திலேயே அந்தக் கதையும் அச்சாக வேண்டும்.