‘பேர்’ என்னும் அளவை: மலையகத் தோட்டத் தொழில் பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தோட்டங்களிலே ஒரு நாள் வேலை ‘பேர்’ என வழங்கப்படுகின்றது. காலையிற் பிரட்டுக்குச் சென்று, விதித்த நிறைக் கொழுந்தைப் பறித்துக் கொடுத்தவருக்கு அன்று ஒரு பேர். நிறை குறையின் அரைப்பேர். செக்ரோலில் எழுதப்படும் இச்சிறு சொல்லின் பின்னே நீண்டதொரு வரலாறு உண்டு.

கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பெரும்பாலும் அறுவடைக்கு வந்து மீள்வோராவர். மன்னார்க் கரையில் இறங்கி, நோயும் பசியும் பலரை வீழ்த்திய காட்டுப் பாதையால் மாத்தளைக்கு நடந்தனர். துரைமார் கணக்கிற்கொண்டது கங்காணியையும் அவன் கூட்டத்தையுமே. 1869இற் கோப்பியிலையிற் பூஞ்சண நோய் தோன்றிற்று. இருபதாண்டுகளுள் அப்பயிர் வீழ, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு அறுவடைக் காலமெனத் தனியாக ஒன்றில்லை. ஆண்டு முழுதும், ஏறக்குறைய வாரத்துக்கொரு முறை, கொழுந்து பறித்தாக வேண்டும். ஆதலின் வந்துபோனோர் லயங்களிற் குடியிருப்போராயினர்; பெண்களின் உழைப்பே தொழிலின் அச்சாயிற்று.

இந்நிலையிலேதான் 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் எழுந்தது. வேலை செய்ய இயன்ற தொழிலாளிக்கு வாரத்தில் ஆறு நாள் வேலையோ, அதற்குரிய கூலியோ வழங்குதல் தோட்டத்தின் கடப்பாடென அது விதித்தது. இரக்கம் பெற்றெடுத்த விதியன்று அது. ஆளைத் தோட்டத்தில் நிறுத்திவைக்கும் தேவையே அதனைப் பெற்றது எனல் தகும். அதே தொழிலாளியைக் கங்காணியின் கடன் ‘துண்டு’ முறையாற் பிணைத்திருந்தமை 1921 வரை நீடித்தது என்பதையும் மறத்தலாகாது. எனினும், வறட்சியின் நட்டத்தை, எழுத்தளவிலேனும், தோட்டமே ஏற்கவேண்டுமென்னும் கொள்கை அங்கே வேரூன்றியது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அப்பேருக்கு ஒரு விலையை அறுதியிட வழிசெய்தது.

1948இற் குடியுரிமை பறிபோயிற்று. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. இத்தனைக்கும் பேர் மாறவில்லை.

இன்று மாறுவது அதுவே. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவென வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்டபின், கிலோக் கணக்கிற் கொடுப்பனவு செய்வதைக் கம்பனிகள் மேலும் வலியுறுத்துகின்றன. செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்தளித்துக் கொழுந்தை விலைக்கு வாங்கும் முறையும் பரவுகின்றது. நாட்டின் தேயிலையிற் பெரும்பகுதியைச் சிறுதோட்ட உடைமையாளரே விளைவிக்கின்றனர் என்பது இதற்குக் காட்டப்படும் சான்று. ஆயின் சிறுதோட்டக்காரருக்கு நிலம் சொந்தம். லயத்துக் குடும்பத்துக்கோ செடியின் பராமரிப்பு மட்டுமே சொந்தம். நிலம் கம்பனியின் குத்தகை. பேரோடு சேர்ந்த சேமலாப நிதியும் அங்கே கேள்விக்குறியாகின்றது. கொழுந்து வராத மாதத்திற்கு அக்குடும்பத்தின் கணக்கில் எழுதப்படுவது எதுவுமில்லை.