வைத்தலும் மீட்டலும்: சிறுநீர்நாள ஸ்டென்ட் கருவிகளின் வடிவமைப்பு வரலாறு

சிறுநீரகத்தில் உருவாகும் சிறுநீரைச் சிறுநீர்ப்பைக்குக் கொண்டுவரும் மெல்லிய குழலாகிய சிறுநீர்நாளம் கல்லாலோ கட்டியாலோ அறுவைக்குப் பிந்தைய வீக்கத்தாலோ அடைபடும்போது, அதனுள் சில வாரங்களுக்கு வைக்கப்படும் நெகிழ்குழாயே ஸ்டென்ட் எனப்படுகிறது. நோயாளிகள் ‘டிஜே ஸ்டென்ட்’ என்று அறிந்துள்ள இக்குழாயின் வரலாற்றை ஆராய்வோர்க்கு, அதை உள்ளே நிலைநிறுத்தும் முயற்சி பெற்ற கவனத்தை வெளியே எடுக்கும் கருவி நெடுங்காலம் பெறவில்லை என்பது புலனாகும்.

வயிற்றைத் திறக்காமல் சிறுநீர்நாளத்தை அடைவதற்கான வழி, மாக்ஸ் நிட்ஸ 1877இல் அறிமுகப்படுத்திய சிஸ்டோஸ்கோப்பால், அதாவது சிறுநீர் வெளியேறும் பாதையிலேயே செலுத்திச் சிறுநீர்ப்பையின் உட்புறத்தைக் காண உதவும் குழல்நோக்கியால், பிறந்தது. ஆயினும் பையின் சுவரில் சாய்வாகத் திறக்கும் நாளத்தின் வாய்க்குள் குழாயை நுழைப்பது எளிதாக இருக்கவில்லை. கியூபாவில் பிறந்து பாரிசில் பணியாற்றிய அல்பர்ரான் 1897இல் நோக்கியின் முனையில் அமைத்த சிறு நெம்புகோலே குழாயின் நுனியை வேண்டிய கோணத்திற்கு உயர்த்தி அத்தடையை நீக்கியது.

சிம்ஸ்கிண்டும் உடன் பணியாற்றியோரும் 1967இல் சிஸ்டோஸ்கோப் வழியே சிலிக்கோன் குழாய்களை வைத்து, உடலுக்குள்ளேயே முழுவதும் தங்கும் ஸ்டென்டுக்கு அடித்தளமிட்டனர். அக்குழாய்கள் நேரானவை, நாளத்தின் இயல்பான அலையசைவு அவற்றைக் கீழே தள்ளிவிடும். இதைத் தடுக்க கிப்பன்ஸ் 1970களில் குழாயின் பக்கங்களில் சிறு முட்களை அமைத்தார்; அவை நழுவலைக் குறைத்தபோதிலும், குழாயின் பருமனைக் கூட்டி நுழைத்தலைக் கடினமாக்கின. ஃபின்னி 1978இல் வெளியிட்ட, இரு முனைகளும் கொக்கியாக வளைந்த வடிவமைப்பே இம்முரண்பாட்டைத் தீர்த்தது. கைடு ஒயர் எனப்படும் மெல்லிய வழிகாட்டிக் கம்பியின் மேல் ஏற்றும்போது நேராகி, தள்ளுகுழாயால் உரிய இடத்தை எட்டியதும் கம்பியை உருவினால் மீண்டும் வளைந்து, ஒரு முனை சிறுநீரகத்திலும் மறுமுனை சிறுநீர்ப்பையிலும் பற்றிக்கொள்வது அதன் செயல்முறை. சுமார் இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு குழாய், கூடுதல் உறுப்பு எதுவுமின்றித் தன் வடிவத்தாலேயே தன்னைத் தாங்கிக்கொள்வது இத்துறையின் மிக அழகிய தீர்வுகளுள் ஒன்றாகும்.

அதே நெகிழ்வு மீட்டலுக்கும் துணைசெய்கிறது. இழுக்கும்போது கொக்கிகள் நிமிர்ந்து குழாய் வழுக்கி வெளிவருகிறது. ஆனால் அதற்கு மீண்டும் ஒரு சிஸ்டோஸ்கோப்பும் பற்றுகுறடும் தேவைப்படுகின்றன. குழந்தைகளாயின் பெரும்பாலும் முழு மயக்க மருந்தும் தேவைப்படுகிறது. இச்சுமையைக் குறைக்க, ஸ்டென்டின் கீழ்முனையில் கட்டிய நூலை உடலுக்கு வெளியே விட்டுவைக்கும் முறையும், 1989இல் மக்காலூசோ குழுவினர் விவரித்த காந்தமுனை ஸ்டென்டும் தோன்றின. பின்னதில், காந்தம் பொருத்திய வடிகுழாயைச் செலுத்தி, கண்ணால் காணாமலேயே ஸ்டென்டைக் கவர்ந்து இழுக்கலாம். நோக்கியையும் பற்றுகுறடையும் ஒன்றாக இணைத்து, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கருவிகளும் அண்மைக்காலத்தில் வந்துள்ளன.

இவை அனைத்தும் நோயாளி உரிய நாளில் திரும்பி வருவார் என்ற எதிர்பார்ப்பின் மேல் நிற்பவை. அகற்றப்பட்ட பாலியூரித்தேன் ஸ்டென்டுகளை ஆராய்ந்து 1991இல் வெளியான ஆய்வொன்று, உப்புப் படிவு ஆறு வாரங்களுக்குள் 9.2 விழுக்காட்டிலும், ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் 47.5 விழுக்காட்டிலும், அதன்பின் 76.3 விழுக்காட்டிலும் காணப்பட்டதாகத் தெரிவித்தது. படிவு இறுகிய கொக்கி நிமிராது. வலிந்து இழுத்தால் குழாய் முறியலாம், நாளமும் கிழியலாம். எளிய குறடால் முடிந்திருக்க வேண்டிய பணி கல் உடைக்கும் சிகிச்சையாக மாறிவிடுகிறது. ராய்ச்சூரிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ பெங்களூருக்கு வந்து கல்லை அகற்றிக்கொண்டு, வலி நீங்கியதும் ஊர் திரும்பும் கூலித்தொழிலாளிக்கு இரண்டாவது பயணம் ஒரு நாள் ஊதியத்தையும் பயணச் செலவையும் குறிக்கிறது என்பதை வடிவமைப்பாளர் கணக்கில் கொள்ளாதிருக்க முடியாது.

சிறுநீர்நாளத்துக்கானதல்லாத, புரோஸ்டேட் வீக்கத்துக்கான ஐடிண்ட் என்னும் கருவி மீட்டலைப் பொறுத்தவரை வேறு திசையைக் காட்டுகிறது. நிக்கல், டைட்டானியம் கலந்த நிட்டினால் உலோகத்தாலான அது, உறைக்குள் மடங்கிச் சென்று விரிந்து, ஐந்து முதல் ஏழு நாள்களில், தன்னுடன் இணைந்த நூலைப் பற்றித் திறந்தமுனை வடிகுழாய்க்குள் மீண்டும் மடக்கி எடுக்கப்படுகிறது. இங்கே மீட்டல், கருவியின் முதல் வரைபடத்திலேயே இடம்பெற்றுள்ளது.

பெங்களூரின் பங்கு இந்த இடத்தில் பொருள் பெறுகிறது. அங்குள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஜி. கே. அனந்தசுரேஷ் வளர்த்துள்ள நெகிழ்பொறியமைப்புத் துறை, கீல்களும் மூட்டுகளும் இன்றி ஒரே துண்டுப் பொருளின் வளைவாலேயே பற்றுதல், விரிதல் போன்ற அசைவுகளை உண்டாக்குவதைப் பற்றியது. மூட்டு வைக்க இடமில்லாத குறுகிய பாதைகளில் செல்லும் குறடுகளுக்கு இக்கொள்கை நேரடியாகப் பொருந்தும். அதே நிறுவனத்தில் அசிதவ கோசல் உள்ளிட்டோர், காற்றழுத்தத்தால் சுருங்கும் மிகச்சிறு செயற்கைத் தசைகளைக் கொண்டு எண்டோஸ்கோப்பிக் குழாயின் முனையைத் திருப்பும் ஆய்வை வெளியிட்டுள்ளனர். அது சிறுநீர்ப்பாதைக்கென எழுந்ததன்று. எனினும் அல்பர்ரானின் நெம்புகோல் நிறைவேற்றிய அதே பணியை, குழாயின் முனையைத் தொலைவிலிருந்து வேண்டிய பக்கம் திருப்புவதை, நோக்கியிலிருந்து குழாய்க்கே மாற்றுகிறது.