சேறு வைத்திருக்கும் கணக்கு

1997 அக்டோபர் 15 இரவு, சிங்கப்பூர் நீரிணையில் இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் மோதிக்கொண்டன. 'ஒராப்பின் குளோபல்' காலியாக வந்தது. 'எவோய்கோஸ்' சுமார் 130,000 டன் கனரக எரியெண்ணெயோடு வந்தது. அதன் தொட்டிகள் கிழிந்து ஏறத்தாழ 29,000 டன் கடலில் கொட்டியது.

இதைச் சிங்கப்பூர்க் கதையாகத்தான் சொல்வார்கள். ஆனால் அதே எண்ணெய் டிசம்பரில் மலாக்கா நீரிணை வழியாக மேலேறி, சிலாங்கூர்க் கரையில் சுமார் 40 கிலோமீட்டரைத் தொட்டது. நான் இருக்கும் செமினியில் கடல் கிடையாது. ஆனாலும் செமினி ஆறு லங்காட்டில் சேர்ந்து, லங்காட் சிலாங்கூர்க் கரையில்தான் கடலில் விழுகிறது. கிட்டத்தட்ட என் வயதுதான் அந்த எண்ணெய்க்கும். வீட்டில் 97-ஐப் பற்றிக் கேட்டால், "புகைமூட்டம் ஞாபகம் இருக்கு, ரிங்கிட் விழுந்தது ஞாபகம் இருக்கு" என்கிறார்கள். எண்ணெய் யார் ஞாபகத்திலும் இல்லை.

நம் கரை பெரும்பாலும் சேறு. எண்ணெயில் தோய்ந்த பறவை புகைப்படத்தில் வந்துவிடும், சேற்றுக்குள் இருப்பவை வராது. நூற்புழுக்கள், கோபிபாட் எனும் துடுப்புக்காலிகள், ஓட்டுக்குள் வாழும் ஒருசெல் உயிர்கள். ஒரு சதுர மீட்டர் சேற்றில் இவை பல லட்சம் இருக்கும். மேலே பாசிப்படலம். நாம் கொய்தியாவில் தேடித் தேடித் தின்கிற கெராங் வளர்வதும் இதே சேற்றில்தான்.

எண்ணெய் இறங்கினால் முதலில் சாவது பெரும்பாலும் துடுப்புக்காலிகள். நூற்புழுக்கள் தாக்குப்பிடிக்கும், சில சமயம் பெருகவும் செய்யும். மொத்தத் தலையை மட்டும் எண்ணினால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். யார் போனார்கள், யார் அந்த இடத்தைப் பிடித்தார்கள் என்று பார்த்தால்தான் சேதம் புரியும். சேற்றில் சில மில்லிமீட்டர் கீழேயே பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவுக்கு அது வேண்டும். அதனால் புதைந்த எண்ணெய் லேசில் போகாது.

மீட்சியை அளக்க 'முன்பு' என்ற அளவீடு வேண்டும். எந்த இயந்திரத்தைப் பழுதுபார்த்தாலும் எங்கள் தொழிலில் முதலில் கேட்பது அதைத்தான். பிரான்ஸுக்கு அது அதிர்ஷ்டத்தில் கிடைத்தது. 1978 மார்ச் 16-இல் 'அமோக்கோ காடிஸ்' பிரிட்டனிக் கரையில் தரைதட்டி சுமார் 223,000 டன் கச்சா எண்ணெயைக் கொட்டியது. அதற்கு முந்தைய ஆண்டே மோர்லே வளைகுடாவின் மணலில் ஆய்வாளர்கள் உயிர்களை எண்ணத் தொடங்கியிருந்தார்கள், வேறு காரணத்துக்காக!

அந்த மணலில் 'ஆம்பிலிஸ்கா' என்ற இறால் உறவுப் பூச்சி மண்டிக்கிடந்தது. எண்ணெய்க்குப் பின் ஏறக்குறையத் துடைத்தெறியப்பட்டது. கரை பார்வைக்குச் சுத்தமான பிறகும் அது வரவில்லை. காரணம் எளிது: அதற்கு நீரில் மிதந்து திரியும் குஞ்சுப் பருவம் இல்லை. தாய் தன் பையிலேயே முட்டைகளைச் சுமக்கும், குஞ்சுகள் பக்கத்திலேயே குடியேறும். வெளியிலிருந்து வந்து குடியேற ஆளில்லை. தப்பிய சிலவற்றின் வாரிசுகள் பெருகிப் பழைய அடர்த்தியை எட்ட பத்தாண்டுகளுக்கும் மேலானது.