முள்வாங்கியும் அஞ்சனக்கோலும்: மண்ணில் கிடைக்கும் ஒப்பனைக் கருவிகள்

முள்வாங்கி, அஞ்சனக்கோல், காதுக்குறும்பி எடுக்கும் சிறுகரண்டி, நகத்தைத் துப்புரவு செய்யும் கூர்முனைக் கருவி ஆகியவை பண்டைய மக்கள் உடலைப் பேணப் பயன்படுத்திய உலோகப் பொருட்கள். இவை பெரும்பாலும் விரல் நீளமே உடையவை. ஹரப்பாவில் முள்வாங்கி, துளைக்கோல், காதுக்கரண்டி மூன்றும் சேர்ந்த செம்புத் தொகுதி கிடைத்துள்ளது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் முந்தைய தலைமுறையினர் அரைஞாண் கயிற்றில் முள்வாங்கியைக் கோத்து வைத்திருந்தனர். செருப்பின்றிக் காட்டுவழி நடந்தவர்களுக்கு அதை ஒப்பனைப் பொருள் என்பதே பொருந்தாது.

இங்கிலாந்தில் கி.பி. 5 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த ஆங்கிலோ-சாக்சன் மக்களும் இத்தகைய கருவிகளை வளையத்தில் கோத்து இடுப்பில் அணிந்தனர். இறந்தவருடன் அவற்றைப் புதைத்தனர். நார்ஃபோக் பகுதியிலுள்ள ஸ்பாங் ஹில் ஈமக்காட்டில் எரித்த சாம்பல் வைத்த தாழிகளுக்குள் மிகச் சிறிய முள்வாங்கிகளும் கத்தரிகளும் இருந்தன. வேலைக்கு உதவாத அளவில் அவை செய்யப்பட்டிருப்பதால், சடங்குக்காகவே வைக்கப்பட்டவை என்று கருதலாம்.

இன்று இவற்றுள் பல, உழுத வயல்களில் உலோகம் கண்டறியும் கருவியுடன் நடக்கும் ஆர்வலர்களுக்குக் கிடைக்கின்றன. கருவியின் கம்பிச்சுருள் உண்டாக்கும் காந்தப்புலம், மண்ணிலுள்ள உலோகத்தில் சிறு மின்னோட்டத்தை எழுப்புகிறது. அதைக் கருவி ஒலியாக அறிவிக்கிறது. துருப்பிடித்த ஆணிகளைத் தவிர்க்கப் பலர் இரும்புக்கு ஒலிக்காதபடி கருவியை அமைத்துக்கொள்கின்றனர். எனவே இரும்புச் சவரக்கத்தி எளிதில் தப்பிவிடுகிறது. கொம்பிலும் எலும்பிலும் செய்த சீப்புகளைக் கருவியால் அறியவே முடியாது. உலோகக் கருவிகளை மட்டும் எண்ணிப் பார்ப்பவர், அக்காலத்தவர் தலை வாரவே இல்லை என்று முடிவு கட்டிவிடக்கூடும்! கீழடியில் செம்பு அஞ்சனக்கோலோடு தந்தச் சீப்பும் கிடைத்தது, அங்கு மண்ணை அடுக்கடுக்காகத் தோண்டிச் சலித்ததால்தான்.

இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் முக்கியமாகப் பொன், வெள்ளிப் பொருட்களையே கருதுகிறது. தனியாகக் கிடைத்த செம்புக் கலவை முள்வாங்கியைத் தெரிவிப்பது பொதுவாகக் கட்டாயமில்லை. இக்குறையை ஈடுசெய்ய 1997இல் தொடங்கிய தன்விருப்பப் பதிவுத் திட்டத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் பதிவாகியுள்ளன. இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டும் புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். முள்வாங்கிக்கு அந்த மதிப்பை யார் போடுவது?

கிடைத்த இடம் தெரிவது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேடு நல்ல சான்று. 1930களில் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் அவ்வூர்ச் சிறுவர்களிடமிருந்து மணிகளையும் செதுக்குக் கற்களையும் வாங்கினார். அவற்றுள் ஒன்றில் இருந்த உருவம் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று கருதப்பட்டது. அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதற்குப் பதிவு இல்லை. 1945இல் மார்டிமர் வீலர் அங்கு அடுக்கு முறைப்படி அகழ்ந்தார். அரெட்டைன் என்னும் இத்தாலிய மட்கலத்தின் காலம் முன்பே தெரிந்திருந்தது. அதன் உடைந்த சில்லுகளோடு கிடந்த உள்நாட்டுப் பானைகளுக்கும் அதைக் கொண்டே அவர் காலம் கணித்தார். அழகிய செதுக்குக் கல்லால் இயலாததை உடைந்த ஓடுகள் செய்தன.